இங்கிலீஷ் தேதிப் படையல்

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் தணிகைவேல் போன் செய்தான். என் தம்பி வழக்கமாக வாட்சப்பில் ரோஜாப்பூப் படம்தான் அனுப்புவான். அவன் போன் செய்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எடுத்ததுமே "யாரு?" என்றேன்.

"யாரும் சாவலக்கா. ஊட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டானுங்க."

வேப்பலங்குப்பத்தில் அவன் இருக்கும் வீடு, சுற்றியுள்ள மூன்று ஏக்கர், கிணறு, மாமரங்கள் எல்லாமே அரசாங்கத் தரிசாம். தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். உரிமை கோருகிறவர்கள் ஆதாரத்தோடு கோட்டாட்சியர் முன் ஆஜராக வேண்டுமாம். நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியவன் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். அப்புறம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அலோ அலோ என்று கத்தினேன். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு லைன் கட்டானதற்கும் ஆள் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அது எங்கள் தாத்தா தனகோட்டி சம்பாதித்த நிலம். பயனியர் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். துப்பாக்கியோடு கடப்பாரையும் தூக்கிக்கொண்டு போய் மெசபடோமியா மணலில் ரோடு போட்டுவிட்டு வந்தார். அதற்காக வெள்ளைக்காரன் கொடுத்தது. எங்கள் காலனியில் சொந்த நிலத்தில் முதலில் கிணறு வெட்டியவர் அவர்தான். இன்றைக்கும் ஊரில் எங்களுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் பெயர். ஆபீசில் நான் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது.

டாக்டர் தினம் ரத்த அழுத்தத்தை எழுதச் சொன்னதால்தான் இந்த டைரி. இன்றைய கணக்கை எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

வேலூரில் வக்கீல் பிரமீளாவைப் பார்த்தோம். கெட்டிக்காரப் பெண். பேசும்போதே குறிப்பெடுக்கிறாள், நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

"பட்டா இருக்கா?"

"இல்ல."

"கிஸ்தி, அதான் நிலவரி கட்டின ரசீது?"

"கரையான் தின்னது போக மிச்சம் நாலு இருக்குது," என்றான் தணிகை.

"எண்பதுகள்ல ஊர் ஊரா முகாம் போட்டு நிலக் கணக்கெல்லாம் புதுசா எழுதினாங்களே. அப்ப நேர்ல போய்ச் சொல்லியிருந்தாலே உங்க பேர் ஏறியிருக்குமே. உங்கப்பா எங்க போனார்?"

"திருத்தணிக்கு," என்றேன்.

உண்மைதான். அப்பா எங்களையெல்லாம் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். சத்திரத்தில் தங்கி, படியேறி, மொட்டை போட்டு, வாரக்கணக்கில் இருப்போம். நான் அப்போது காலேஜ் முதல் வருஷம். எனக்குக் கொண்டாட்டம்.

"முருகன்மேல அவ்வளவு பக்தியா? வருஷா வருஷம் போவீங்களா?"

"வருஷா வருஷம் இல்ல. சர்வேயர் வரும்போதெல்லாம்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. பிரமீளா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். தணிகை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 4, புதன்

கிடைத்துவிட்டது!

சென்னை ஆவணக் காப்பகத்துக்கு இது மூன்றாவது நடை. தூசியில் தும்மித் தும்மி மூக்கு தக்காளிப் பழமாகிவிட்டது. 1922ஆம் வருஷத்து வருவாய் இலாகா உத்தரவு ஒன்று. 'போர்ச் சேவையைப் பாராட்டி, பயனியர் பட்டாளத்துச் சிப்பாய் தனகோட்டிக்கு, வேப்பலங்குப்பம் கிராமத்தில்' என்று ஆரம்பித்து நான்கு எல்லையும் சொல்லியிருக்கிறது. கீழே, 'மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார்' என்று எழுதி ஒரு கைநாட்டு.

நகலில் அந்த ரேகை வெறும் கறுப்புத் திட்டாகத்தான் வந்திருக்கிறது. அதன்மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அழுதுவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஆராய்ச்சி மாணவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எங்க தாத்தாம்மா," என்றேன். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 5, வியாழன்

தணிகையிடம் சொன்னேன். "சரிக்கா," என்றான். அவ்வளவுதான். வீடு அவனுடையதா என்னுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

கோட்டாட்சியர் சின்ன வயசுக்காரர். எரிந்து விழுவார் என்று பயந்துகொண்டு போனேன். உட்காரச் சொல்லித்தான் பேசினார். உத்தரவு நகலை இரண்டு முறை படித்தார்.

"நிலம் தனகோட்டிக்குக் குடுத்திருக்காங்க. சரி. அந்தத் தனகோட்டிதான் உங்க தாத்தான்னு எப்படிம்மா நான் எடுத்துக்கறது? இந்தப் பக்கம் அந்தப் பேர்ல ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க."

"பட்டாளத்துல விவரம் இருக்கும் சார். அப்பா பேர், ஊர், மனைவி பேர் எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க."

"அதைக் கொண்டாங்க. நவம்பர் வரைக்கும் டைம் தர்றேன். அதுவரை யாரும் அங்க கை வைக்க மாட்டாங்க."

நான் தாராளமாகத் தலையாட்டினேன். பின்னால் நின்ற தணிகை என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். வெளியே வந்ததும் முகம் சிவந்துபோய்க் கேட்டான்:

"இன்னாத்துக்குக்கா ஒத்துகினே? நம்மகிட்ட இருக்கறதே போதும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏண்டா, போதாதுன்னுதானே அவர் கேக்கறார்?"

போய் பைக்கை உதைத்தான். இவனுக்காகத்தான் நான் மூட்டுவலியோடு படியேறி இறங்குகிறேன் என்ற நினைப்பே இல்லை. இன்று மாலையே பெங்களூருக்கு, பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வேப்பலங்குப்பம் போய்விட்டு வந்தேன். தணிகை பாதியாகிவிட்டான். தட்டில் சோற்றைப் பிசைகிறான், அளைகிறான், மாட்டுக்குப் போட்டுவிடுகிறான். "புல்டோசர் வந்தா வரட்டும், நான் உள்ளதான் படுத்துகினு இருப்பேன்," என்கிறான். இதைக் கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி சொல்கிறான்.

அவன் மனைவி சரளா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனாள். "பூச்சி மருந்து டப்பாவையெல்லாம் எங்கம்மா ஊட்டுல கொண்டுபோய் வச்சிட்டேங்க்கா. அவருக்குத் தெரியாது. நீங்களும் கேக்காதீங்க," என்றாள். பயத்தை அவளிடம் காட்டிக்கொள்ளாமல் பசுவைத் தடவிக்கொடுத்தேன். அது முட்ட வந்தது.

கிளம்பும்போது கிணற்றங்கரையில் தாத்தா சமாதியைக் கும்பிட்டேன். '1951 மே' என்று சிமெண்டில் குச்சியால் எழுதியது இன்னும் தெரிகிறது. கத்திரி வெயிலில் எடுத்தார்களாம், தூக்கிப் போனவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தாராம். அப்பா அடிக்கடி சொல்வார். ஆனால் அவருக்குப் படையல் போடுவது என்னவோ அக்டோபர் பதின்மூன்று. ஊரெல்லாம் இறந்தவர்களுக்குத் திதி பார்ப்பார்கள், எங்கள் வீட்டில் மட்டும் இங்கிலீஷ் தேதி. புரட்டாசியில் தெருவே கறியைத் தொடாமல் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கும். ஒருமுறை கேட்டதற்கு, "பட்டாளத்து வழக்கம்," என்றார் அப்பா. பட்டாளத்தில் செத்த தேதியைக்கூட மாற்றுவார்களா என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடம் அதற்குமேல் கேட்க முடியாது.

அக்டோபர் 10, வியாழன்

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. படித்தேன். பருப்பு கருகிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தையல் மிஷினுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தேன். தணிகை இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

படையலுக்குப் போகாமல் இருக்க முடியாது. போனேன்.

சரளா ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், வடை, கொழுக்கட்டை எல்லாம் செய்திருந்தாள். தணிகை குவார்ட்டர் பிராந்தியை டம்ளரில் ஊற்றி, சுருட்டுப் பற்றவைத்து இலை ஓரத்தில் வைத்தான். சட்டகம் போட்ட போட்டோவில் தாத்தா தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார். கற்பூரம் காட்டும்போது "தாத்தா, ஊட்டக் காப்பாத்து," என்று தணிகை சத்தமாகவே சொன்னான். நான் போட்டோவைப் பார்க்கவில்லை. இலையில் இருந்த ஈரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெங்களூர்லேருந்து ஏதாவது?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

காட்பாடியில் என் வீட்டுக்குத் திரும்பியதும் கட்டிலுக்கடியில் வைத்திருந்த கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். ஏதோ நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று ஒரு நப்பாசை. மாறவில்லை. எழுதிவிடுகிறேன்.

சிப்பாய் தனகோட்டி. ஊர் வேப்பலங்குப்பம். மனைவி குப்பம்மாள். மகள் பாப்பாத்தி, வயது மூன்று. பஸ்ரா ராணுவ ஆஸ்பத்திரியில் விஷக்காய்ச்சலில் மரணம். 1918 அக்டோபர் 13.

குப்பம்மாள் என் ஆயாவின் பெயர், அப்பாவைப் பெற்றவள். பாப்பாத்தி என்று ஒருத்தியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததே இல்லை.

அப்படியானால் 1922இல் நேரில் போய்க் கைநாட்டு வைத்தது யார்? கிணற்றங்கரையில் படுத்திருப்பது யார்? ஆபீஸ் முழுக்க நான் பெருமையடித்துக்கொண்ட தாத்தா யார்?

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. நனைந்துகொண்டே பிரமீளாவிடம் போய்க் கடிதத்தைக் காட்டினேன். படித்து முடித்து, மடித்து, என் பக்கமாகத் தள்ளினாள்.

"இதை நான் பாக்கல. நீங்களும் காட்டல. ஆர்மி ரெக்கார்டு கிடைக்கலன்னு ஒரு மனு போடறேன். போட்டோ, சமாதி, ஊர்ல நாலு வயசான சாட்சி. அதை வச்சு ஓட்டிப் பாக்கலாம்."

"இதைக் குடுத்தா?"

"செத்தவர் பேர்ல வேற ஒருத்தர் வாங்கின நிலம்னு ஆயிடும். உங்களுக்கு ஒண்ணும் நிக்காது." கடிதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். "ஒரு வழி இருக்கு. அந்தப் பொண்ணு, பாப்பாத்தி. கைநாட்டு யாருதா இருந்தாலும் நிலம் குடுத்தது அந்தச் சிப்பாயோட சேவைக்கு. அவர் வாரிசு வந்து கேட்டா கோட்டாட்சியர் காது குடுக்கலாம். ஆனா அப்ப நிலம் அவங்களுக்குத்தான் போகும். உங்க தம்பிக்கு இல்ல."

பொய் சொன்னால் ஒருவேளை தங்கும். உண்மையைச் சொன்னால் தங்கலாம், ஆனால் யாரோ ஒருத்தியின் பெயரில். பஸ்ஸில் வரும்போது என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இனியும் தள்ளிப்போட முடியாது என்று கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தணிகை மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தாத்தா பட்டாளத்துல..." என்று இழுத்தேன்.

"செத்துட்டாரா?" என்றான்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அப்பா கடைசியா ஆஸ்பத்திரில கெடந்தப்ப சொன்னாரு. நம்ம தாத்தா பேரு ஏகாம்பரம். தனகோட்டிக்குத் தம்பி. அண்ணன் செத்த சேதி வந்துச்சு, கொஞ்ச நாள்ல அண்ணிய இவரு கட்டிகினாரு. அப்புறம் சண்டையிலேருந்து வந்தவங்களுக்கு நெலம் தர்றாங்கன்னு பேச்சு. பட்டாளத்துல செத்தவன் பேர அடிக்கறதுக்கும் தாலுகாவுக்குத் தெரியறதுக்கும் எங்க சம்பந்தம்? போய் நின்னு, நான்தான் தனகோட்டின்னுட்டாரு."

"அதான் திருத்தணியா?"

"அதான் திருத்தணி. சர்வேயர் வந்து எதையாவது நோண்டிட்டா? ஊரு பெருசுங்க எவனாவது ஒளறிட்டா? அப்பாவுக்கு அந்த பயம். முகாமுக்குப் போயிருந்தா ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டானுங்க. பேரு ஏறியிருக்கும். ஓடி ஓடியே நெலத்த வுட்டாரு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபது வருஷமாக இவனுக்குத் தெரியும். ஒவ்வொரு அக்டோபரிலும் என் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டியிருக்கிறான். "எங்கிட்ட ஏண்டா சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"நீ ஆபீஸ்ல எல்லார்ட்டயும் எங்க தாத்தா பட்டாளம்னு சொல்லிகினு இருந்தே. எப்பிடிக்கா சொல்றது?"

சரளா காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. பிரமீளா சொன்ன இரண்டு வழிகளையும் சொன்னேன். தணிகை ரொம்ப நேரம் கட்டில் கயிற்றை நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல அப்பா என்னை கேஜிஎஃப் கூட்டிட்டுப் போனாரு, ஒரு சாவுக்கு. தெரிஞ்சவங்கன்னாரு. ஆனா அப்பா அப்பிடி அழுது நான் பாத்ததில்ல. அது பாப்பாத்தி அத்தை சாவுன்னு ஆஸ்பத்திரிலதான் சொன்னாரு. அந்த ஊட்டுல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, அத்தை பொண்ணு." அப்புறம் என்னைப் பார்த்தான். "சாட்சி சொல்ல கெழவனுங்களத் தேடறதுக்கு பதிலா அவங்களத் தேடலாங்க்கா. எனக்கு இந்த பயம் போதும்."

"நிலம் அவங்க பேருக்குப் போயிடும்டா."

"போவட்டும்னு சொல்ல வாய் வரல. ஆனா தேடலாம்."

இன்று மத்தியானம் அவன் சாப்பிட்டான். இரண்டாவது முறை சோறு வாங்கினான். சரளா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் ரயிலேறி கேஜிஎஃப். கோலார் தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சயனைடு மண்மேடுகள் மலை மலையாக நிற்கின்றன. தணிகைக்கு ஞாபகமிருந்த சர்ச் தெருவில் பாப்பாத்தியின் டீச்சர் மகள் என்று விசாரித்ததில் அமலோற்பவம் டீச்சர் வீட்டைச் சின்னப் பிள்ளைகூடக் காட்டியது. கம்பெனி காலத்து லைன் வீடு. தகரக் கூரையில் கல் வைத்து, அதன்மேல் பழைய பிளக்ஸ் பேனர் போர்த்தியிருந்தார்கள். உள்ளே மழைக்கு ஏந்திய வாளி இன்னும் நடு வீட்டில் இருந்தது.

அவருக்கு எழுபதுக்கு மேலிருக்கும். கணவர் இல்லை, மகன் பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "வேப்பலங்குப்பத்துலேருந்து வர்றோம்," என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு? ஏகாம்பரம் வழியா?"

நூறு வருஷமாக எங்கள் ஊரில் யாரும் சொல்லாத பெயரை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

டீ கொடுத்துவிட்டு அவரே சொல்ல ஆரம்பித்தார். "நெலம் குடுக்கறதுக்கு கேம்ப் போட்டு விசாரிச்சிருக்காங்க. வெள்ளக்கார ஆபீசர், கூட ஒரு குமாஸ்தா. உங்க தாத்தா பட்டாளத்துக் கோட்டப் போட்டுகிட்டு நின்னாராம். எங்கம்மாவுக்கு அப்ப ஏழு வயசு, வேடிக்கை பாக்கப் போயிருக்காங்க. குமாஸ்தா சும்மா வெளையாட்டுக்கு, 'பாப்பா, இவரு யாரு?'ன்னு கேட்டாராம். எங்கம்மா 'சித்தப்பா'ன்னுட்டாங்க."

தணிகை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அன்னைக்கு எப்பிடியோ சிரிச்சு சமாளிச்சிட்டாராம். ஆனா ஆபீசர் எல்லைக் கல் நட திரும்ப வரணும். ராத்திரியெல்லாம் உக்கார வச்சி 'அப்பா'ன்னு சொல்லு, 'அப்பா'ன்னு சொல்லுன்னு பழக்கினாங்களாம். முட்டாய் குடுத்தாங்க. அப்புறம் அடிச்சாங்க. சொந்த அப்பா மூஞ்சி அவங்களுக்கு ஞாபகமே இல்ல. ஆனாலும் சித்தப்பா சித்தப்பாதானே? வாய் வரல. அந்த வாரமே இங்க, அவங்க பெரியம்மா ஊட்டுல கொண்டாந்து வுட்டுட்டாங்க. பெரியம்மா ஊட்டுக்காரரு மைன்ஸ்ல வேலை."

எனக்குத் தலை நிமிரவில்லை. நாங்கள் ஓடியாடி விளையாடிய நிலம், நான் முழுப்பரீட்சை லீவில் மாங்காய் பறித்த மரம் எல்லாம் ஒரு சின்னப் பெண்ணை வெளியே அனுப்பி வாங்கியது. வெட்கமாக இருந்தது. நானா செய்தேன் என்று மனசுக்குள் வாதாடியும் பார்த்தேன். வெட்கம் போகவில்லை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"வர்றேன். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மா சொல்லாத பொய்யை நான் சொல்ல முடியாது. நெலம் என் பேருக்கு வந்தா வேணாங்கவும் மாட்டேன். எனக்கும் இந்த ஊடு எப்ப போவும்னு தெரியாது. உன் தம்பிக்கு சம்மதமான்னு கேட்டுக்கோ."

நான் பெருந்தன்மையாக எதையாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது.

கடைசியில் தணிகை, "நீங்க வாங்க," என்றான்.

"டீச்சர் டீச்சர்னு கூப்பிடாத," என்றார் அவர் என்னிடம், வாசல்வரை வந்து. "எங்கம்மா உனக்கு அத்தை. நான் உனக்கு அண்ணி."

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அண்ணி மனசு மாறிவிட்டால்? மகன் வேண்டாம் என்றால்? முழு நிலத்தையும் வாங்கிக்கொண்டு தணிகையை வெளியே போகச் சொன்னால்? கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். பிரமீளா, "இன்னும் டைம் இருக்கு, யோசிங்க," என்கிறாள். யோசிப்பதைத் தவிர வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

நவம்பர் 12, செவ்வாய்

விசாரணை முடிந்தது. அண்ணி வெள்ளைச் சேலையில், மகன் டாக்சியில் வந்து இறங்கினார். தகப்பன் தனகோட்டி என்று போட்ட அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்திருந்தார். பெங்களூர்க் கடிதத்தைத் தணிகையே கோட்டாட்சியரிடம் கொடுத்தான். குரல் நடுங்கவில்லை.

"தனகோட்டி பஸ்ராவுல செத்தது உண்மைங்க சார். கைநாட்டு வச்சது அவரு தம்பி ஏகாம்பரம். எங்க தாத்தா. நாங்க சிப்பாய்க்கு வாரிசு இல்ல. வாரிசு இவங்க."

ஒரே வாக்கியத்தில் பட்டாளத்தார் வீடு போயிற்று. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

கோட்டாட்சியர் பேனாவை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம்மா. உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அவங்க இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட வந்து உரிமை கேக்கலையே. ஏன்?"

நாங்கள் எதிர்பார்க்காத கேள்வி. பிரமீளா எழுந்து ஏதோ சொல்லப் போனாள். அண்ணி கையைக் காட்டி அவளை உட்காரவைத்தார்.

"கொண்டாந்து வுட்டப்ப எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க சார், ஆபீசர் போனதும் வந்து கூட்டிட்டுப் போறோம், அதுவரைக்கும் இங்கேயே இருன்னு. எங்கம்மா அப்பிடியே இருந்தாங்க. கல்யாணம் ஆச்சு, நாங்க அஞ்சு பேரு பொறந்தோம், இப்ப நான் ஒருத்திதான் மிச்சம். கடைசி காலத்துல நெனவு தப்பிப் போச்சு. யார் ஊட்டுக்கு வந்தாலும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. ஆபீசர் போயிட்டாரான்னு."

தணிகை எழுந்து வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். வராந்தா மூலையில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான்.

டிசம்பர் 2, திங்கள்

புயல் மழை. கரண்ட் இல்லை. தணிகை வீட்டுக் கிணறு மேல்வரை நிரம்பியிருக்கிறதாம். உத்தரவு இன்னும் வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

வந்துவிட்டது. பிரமீளா போனில் படித்தாள். நிலம் எடுப்பது ரத்து. சிப்பாய் தனகோட்டியின் நேரடி வாரிசு என்ற முறையில் பட்டா அமலோற்பவம் பெயருக்கு. தணிகைவேல் பெயர் உத்தரவில் ஒரே ஒரு இடத்தில், 'தற்போது குடியிருப்பவர்' என்று வருகிறது. 'ஆக்கிரமிப்பாளர்' இல்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். "ஆகட்டும்," என்றார். மேற்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. பிரமீளா மட்டும் தினமும் கேட்கிறாள், எழுதி வாங்கினீர்களா, எழுதி வாங்கினீர்களா என்று. எதை எழுதி வாங்குவது?

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் சரளா பதறிப்போய் போன் செய்தாள். தணிகை விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன யானைச் சுமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். எங்கே என்று சொல்லவில்லையாம். போனும் எடுக்கவில்லையாம். எனக்குப் பூச்சி மருந்து டப்பா, கிணறு எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன. கிடைத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். மாத்திரை போட மறந்துவிட்டேன்.

சரளாவும் நானும் கேட்டருகே ஆளுக்கொரு பக்கம் நின்றோம். சாயங்காலம் வண்டி வந்தது. முன் சீட்டில் தணிகைக்குப் பக்கத்தில் அண்ணி. பின்னால் இரண்டு தகரப் பெட்டி, ஒரு தையல் மிஷின், மாதா படம், சுருட்டிய பாய், மண் தொட்டியில் ரோஜாச் செடி.

அண்ணி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். நிலத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கிணறு, மரங்கள், மாடு. கிணற்றங்கரைச் சமாதியில் பார்வை கொஞ்சம் நின்றது. சரளா என் தோளருகே வந்து மெதுவாக, "எத்தினி நாளைக்குக்கா?" என்றாள். அவள் கேட்டது தப்பில்லை. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறைதான்.

"எந்த ரூம் எனக்கு?" என்று அண்ணி கேட்டார்.

தணிகை சரளாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகப் போய் முன்னறைக் கதவைத் திறந்து, தன் படுக்கையைச் சுருட்டி எடுத்து வெளியே கூடத்தில் போட்டான்.

நான் வண்டியிடம் போனேன். பெட்டி கனமாக இருந்தது. "சரளா, அந்தப் பக்கம் பிடி," என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து பிடித்தாள்.